மஞ்சள் வைத்த மடிப்பை

பருத்தி எடுக்கப் போகிற பெண்ணைத் தொலைவிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். சேலைக்கு மேல் புருஷனோ மகனோ கழித்துப்போட்ட முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, இடுப்பில் யூரியா சாக்கு. ரஞ்சன்குடிப் பக்கத்துக் கரிசல் காட்டில் இந்த உடுப்பைத் தாண்டி யாரும் எதையும் யோசித்ததில்லை. சாக்கின் இரண்டு முனைகளை இடுப்பைச் சுற்றிக் கட்டி, மற்ற இரண்டு முனைகளைத் தூக்கிச் செருகினால் மடி. மடி நிறைய நிறைய இடுப்பு கீழே இழுக்கும். நிறைந்ததும் வரப்போரம் போய் முடிச்சை அவிழ்த்துக் கொட்ட வேண்டும், மறுபடி கட்ட வேண்டும். காய்ந்த பருத்தித் தோடு கிழித்த விரலுக்கு அந்த முடிச்சு ஒரு தனி எதிரி.

இருசம்மாளின் இடுப்பில் கயிறு அழுத்திய இடம் கறுத்துக் காய்ப்பேறியிருந்தது. மருமகள் கலையரசி அதைப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளுக்கு எண்ணெய் வைத்து முதுகு தேய்த்துவிட்டபோது.

"என்னத்த இது? நொகத்தடி பட்ட மாட்டுக் கழுத்தாட்டம் இருக்கு?"

"அது கெடக்குது. நீ தேயி."

கலையரசி தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே யோசித்தாள். கதை அங்கேதான் ஆரம்பித்தது.

கலையரசி திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள். துணியை விளக்குக்குக் கீழே விரித்து, எங்கே ஓட்டை, எங்கே எண்ணெய்க் கறை, எங்கே தையல் நழுவியிருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. "மாமியாக்காரிங்க சும்மா பாக்குற வேலைய நீ சம்பளம் வாங்கிக்கிட்டுப் பாக்குற" என்று இருசம்மாள் கேலி செய்வாள். கேலிதான். மற்றபடி கலையரசி திருப்பூரில் கிடந்த வருஷங்களில் பேத்தி நந்தினியைக் கண்ணில் வைத்து வளர்த்தவள் அவள்தான்.

ஆனால் வளர்த்தவளைப் பிள்ளை அம்மா என்றது. பெற்றவளுக்குத் 'திருப்பூர் அம்மா' என்று பெயர். பொங்கலுக்குக் கலையரசி பஸ்ஸை விட்டு இறங்கியதும், "திருப்பூர் அம்மா வந்துட்டாங்க" என்று தெரு முழுக்க அறிவிப்பாள் நந்தினி. மரியாதையாகச் சொல்வாள், ஒரு வாத்தியாரம்மாவைச் சொல்கிற மாதிரி. கலையரசிக்கு அதுதான் நெஞ்சில் முள். போன வருஷம் புருஷன் தர்மனுக்கு அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரியில் வேலை கிடைத்ததும், தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டாள். இப்போதுதான் நந்தினி அவளை, "ஏம்மா, சோறு போடு, பசிக்குதுல்ல?" என்று அதட்டத் தொடங்கியிருந்தாள். அந்த அதட்டலைக் கேட்க எந்த வேலையும் செய்யலாம் என்றிருந்தது அவளுக்கு.

முதல் மடியை ஒரு பழைய சேலையில் தைத்தாள். பட்டையைக் கழுத்தில் மாட்டுகிற மாதிரி வைத்து, தலையணைப் பஞ்சையெல்லாம் அடைத்து, மாமியாருக்குக் கட்டிவிட்டாள். இருசம்மாள் வாசலில் இரண்டு நடை நடந்தாள்.

"எப்படி இருக்குத்த?"

"கழுத்துல கல்லக் கட்டிக் கெணத்துல தள்ளுறாப்ல இருக்கு."

அடுத்ததற்குப் பட்டை இரண்டு தோளிலும் ஏறி முதுகில் குறுக்கே போயிற்று. ஆனால் பை முழங்காலுக்கு இறங்கியது.

"முட்டி இடிக்குதுடி. வாத்தாட்டம் நடக்குறேன் பாரு. காட்டுல பொம்பளைங்க பாத்தா சிரிப்பாளுவ."

சிரிக்கத்தான் செய்தார்கள். எதிர்வீட்டு உண்ணாமலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, பிறகு தானே வந்து, "கீழ்வாய தைக்காத. சுருக்குக் கவுறு போட்டு வுடு. இழுத்தா தானா கொட்டணும்" என்றாள். பையை மேலே ஏற்றி, இடுப்பில் அழுத்தாத அகலப் பட்டை ஒன்றும் வைத்து, அப்படியே கலையரசி தைத்தாள். இருசம்மாள் கயிற்றை இழுத்தாள். பஞ்சு முழுக்க அவள் பாதத்தில் விழுந்தது.

"அட! மாடு சாணி போட்டாப்ல பொத்துன்னு உழுவுதுடி! முடிச்சும் இல்ல, ஒன்னும் இல்ல!"

இருசம்மாள் சின்னப் பிள்ளை மாதிரி மறுபடி மறுபடி அடைத்து மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்தாள்.

சரக்கு சரிதான், வாங்குவது யார்? காட்டு வேலைக்குப் போகிறவள் யூரியா சாக்கு இருக்க இன்னொன்றை வாங்கமாட்டாள். அதற்கு வழி சொன்னது ஜெயசுதா, கலையரசியின் சித்தி மகள். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆன்லைன் சென்டர் வைத்திருப்பவள். சாதிச் சான்றிதழிலிருந்து ரயில் டிக்கெட் வரைக்கும் அவள் கை படாமல் எதுவும் நகராது.

"அக்கா, சிட்டியில மொட்டமாடியில தோட்டம் போட்டுக்கிட்டுத் திரியிறாங்க. கத்திரிக்கா, தக்காளி, வெண்டக்கா. அவங்க வாங்குவாங்க. கொஞ்சம் சின்னதாக்கு. கலர் துணி வேணாம், காடாத் துணியிலயே தையி. வெளுக்காத துணின்னா அவங்களுக்கு உசுரு."

"ரெண்டு கத்திரிக்கா பறிக்க ஒரு மடியா?" என்று இருசம்மாள் வாயைப் பிளந்தாள்.

"ரெண்டு கத்திரிக்காய நாலு போட்டோ எடுப்பாங்க பெரியம்மா. அதுக்குத்தான் மடி."

போட்டோவுக்குக் கட்டி நின்றவளும் இருசம்மாள்தான். கழுத்துக்குக் கீழே மட்டும் எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் பையைக் கழற்றி, தட்டி, மடித்து, மிஷின் மேல் வைத்துவிட்டு, மறுநாள் காலை யூரியா சாக்கைக் கட்டிக்கொண்டு ராசாங்கத்தின் பருத்திக் காட்டுக்குப் போனாள். விற்கிற சாமானை வீட்டில் உடுத்தக்கூடாது என்பது அவள் கணக்கு. கலையரசியும் அதைக் கவனிக்கவில்லை.

'மடிப்பை' என்றே பெயர் வைத்தார்கள். ஜெயசுதா அதை ஆன்லைன் கடையில் ஏற்றினாள். முதலில் சென்னை, பிறகு பெங்களூர், பிறகு வாயில் நுழையாத ஊரெல்லாம். வாங்கியவர்கள் வெண்டைக்காயோடு படம் பிடித்துப் போட்டார்கள். மாசி பிறப்பதற்குள், ஓசூர்ப் பக்கத்துக் குடோனில் மொத்தமாகச் சரக்கு வைக்கச் சொல்லி அந்த ஆன்லைன் கம்பெனியே கேட்டது. கலையரசியும் உண்ணாமலையும் தை மாதம் முழுக்க மிஷினை விட்டு எழவில்லை. இருசம்மாள் காட்டிலிருந்து வந்து கையைக் கழுவிக்கொண்டு நூல் வெட்டினாள், மடித்தாள், பொட்டலம் போட்டாள். அந்த வீட்டில் குழம்பு கொதிக்கிற சத்தத்தைவிட மிஷின் சத்தம் அதிகம் கேட்டது.

வெண்ணெய் திரண்டு வரும்போதுதானே தாழி உடையும்? ஒரு மத்தியானம் ஜெயசுதா ஸ்கூட்டியை வாசலில் சாய்த்தும் சாய்க்காமலும் உள்ளே வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, நம்ம கடைய நிறுத்தி வச்சுட்டாங்க."

"என்னாடி சொல்ற?"

"யாரோ கட்டிப் பழசாக்குனத புதுசுன்னு விக்கிறோமாம். கறை இருக்காம். ஒருத்தர் ரெண்டு பேரு இல்லக்கா, வாங்குனவங்க அத்தன பேரும் போட்டோ போட்டுத் திட்டியிருக்காங்க."

ஜெயசுதா போனை நீட்டினாள். வெளுக்காத காடாத் துணியில், இடுப்புப் பட்டையின் ஓரத்தில், மஞ்சளாக ஒரு கறை. அடுத்த படத்திலும் அதே இடம். அதற்கடுத்ததிலும்.

"நீ பெட்டியில அடுக்கும்போது பிரியாணி தின்னியா?" என்றாள் கலையரசி.

"நானா? நான் சைவம்க்கா, கார்த்திகையிலேர்ந்து!"

கம்பெனிக்குப் போன் போட்டார்கள். பாட்டு பாடியது, காத்திருக்கச் சொன்னது, மறுபடி பாடியது. கடைசியில் தமிழ் பேசுகிற ஒரு ஆள் கிடைத்தான். நல்ல மனுஷன்தான், ஆனால் கையைக் கட்டிப்போட்ட மனுஷன்.

"மேடம், நான் உங்களச் சந்தேகப்படல. ஆனா கஸ்டமருக்கு அது கறை. குடோன்ல மிச்சம் இருக்குற சரக்கையும் பிரிச்சுப் பாத்தோம், அதுலயும் இருக்கு. எல்லாத்தையும் உங்களுக்கே திருப்பி அனுப்புறோம். சுத்தமான சரக்கா வெள்ளிக்கிழம வண்டியில ஏத்தி உடுங்க. செக் பண்ணுவோம். ஒரு பீஸ்ல கறை இருந்தாலும் கடைய நிரந்தரமா மூடிருவாங்க. அதுக்கு மேல என்னால பேச முடியாது."

திங்கள்கிழமை காலையில் ஊரில் லோடு அடிக்கிற செல்லதுரை தன் குட்டியானை வண்டியில் அட்டைப் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினான். "என்னக்கா, பொண்ணக் கட்டிக்குடுத்தா புள்ள குட்டியோட திரும்பி வரும்பாங்க, நீ அனுப்புனது அப்படியே வந்துருக்கே?" என்றான். யாரும் சிரிக்காததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு போனான்.

கலையரசி முதல் பெட்டியைக் கிழித்து ஒரு பையை விரித்தாள். இடுப்புப் பட்டையின் வலது ஓரம். அடுத்தது, அங்கேயே. அதற்கடுத்தது, அங்கேயே. கறை என்பது அப்படி ஒழுங்காக உட்காராது. எண்ணெயோ துருவோ இருந்தால் ஒன்றில் மேலே இருக்கும், ஒன்றில் கீழே இருக்கும், பத்தில் இருக்காது. இது ஒவ்வொன்றிலும் விரலால் தொட்டு வைத்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். இருசம்மாள் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"நாந்தான் வச்சேன்" என்றாள், ரொம்பச் சாதாரணமாக. "அதுக்கா இம்புட்டு அமக்களம்?"

"நீங்களா? என்னத்த வச்சீங்க?"

"மஞ்சத்தான். புதுத்துணிய மஞ்ச வைக்காமயா குடுத்து உடுவாங்க? மொதல்ல போனதுல ரெண்டு, பட்டை அறுந்து திரும்பி வந்துச்சில்ல, அப்பத்தான் நெனச்சுக்கிட்டேன், அடியே, மொட்டையா அனுப்பிட்டோமேன்னு. யாரோ எவளோ, மொகந்தெரியாத பொம்பள, மொதமொதல்ல எடுத்து உடுத்தப் போறா. அவளுக்கு ஒரு கொறையும் வராம நல்லா இருக்கட்டும்னு மடிக்கையிலே ஒரு தொடு தொட்டு வச்சேன். தப்பா?"

அந்தக் கேள்வியில் கள்ளமே இல்லை. அதுதான் கலையரசிக்குக் கோபத்தைக் கூட்டியது. திட்டுவதற்குக் கூட ஒரு திருட்டு முழி வேண்டாமா?

"தப்பாவா? அவங்களுக்கு மஞ்ச தெரியுமா, குங்குமம் தெரியுமா? என்னயப் பழைய துணிய வித்த திருடியாக்கிட்டீங்க! என்னக் கேட்டீங்களா ஒரு வார்த்த? நான் செக்கிங்ல இருந்தவ. பேக்கிங்கை ஒங்கள நம்பித்தான திறந்து பாக்காம உட்டேன்?"

"அரசி..."

"கடைய மூடிட்டா நான் என்ன பண்றது? மறுபடி திருப்பூருதான். ஒங்க பேத்தி மறுபடி ஒங்களயே அம்மான்னு கூப்புடட்டும். அதுக்குத்தான வச்சீங்க மஞ்ச?"

சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டாள். கொட்டிய நெல்லை அள்ளலாம், கொட்டிய சொல்லை அள்ள முடியாது. இருசம்மாள் திரும்பி உள்ளே போனாள். முழுக்கைச் சட்டையை எடுத்து மாட்டினாள், சாக்கை எடுத்துக்கொண்டாள், கூழ்ச் சட்டியைத் தொடாமல் காட்டுக்குப் போய்விட்டாள்.

கலையரசிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே வாளியில் சோப்புத் தூளைக் கரைத்து ஒரு பையை முக்கினாள். அழுகிறவளுக்குப் புத்தி எங்கே இருக்கும்? மஞ்சளில் சோப்பு பட்டால் என்ன ஆகும் என்று நந்தினிக்குக்கூடத் தெரியும். பட்டை ஓரம் ரத்தம் தொட்டு வைத்தது மாதிரி சிவந்தது. கறை போய்க் காயம் வந்த கதை. அதைப் பச்சைத் தண்ணீரில் அலசி அலசி மறுபடி மஞ்சளாக்கவே கை நொந்துவிட்டது.

சாயங்காலம் தர்மன் அரியலூரிலிருந்து வந்தான். தலைமுதல் கால்வரை சுண்ணாம்புத் தூசி. பெட்டிகளைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், அம்மா மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான்.

"துணி புதுசா வாங்கித் தைச்சா?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள எங்கேர்ந்து தைக்கிறது? துணி ஈரோட்டுலேர்ந்து வரணும்."

"அப்ப பேசாம திருப்பூருக்கே..."

"வாய மூடுறியா?" என்றாள் இருசம்மாள். காலைச் சண்டைக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது. "திருப்பூரு திருப்பூருன்னுக்கிட்டு. புள்ளய உட்டுட்டு அவ எங்க போறது? வெயில்ல போட்டா மஞ்ச தானா ஓடிடும். மஞ்சத்தண்ணி ஊத்துன துணிய நாம என்ன, குப்பையிலயா போடுறோம்?"

கலையரசி தலையை நிமிர்த்தினாள். அவளுக்கும் தெரிந்ததுதான். ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நனைத்து வெயிலில் காயப்போட்டால் மஞ்சள் ஒரு நாள் தாங்காது. கோபம் கண்ணை மறைத்திருந்தது.

"நாளைக்கே போட்டுருவோம்" என்றாள். மாமியாரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்குத் தைரியமில்லை. தட்டில் சோறு போட்டு, கருவாட்டுக் குழம்பை ஊற்றி, அவள் முன்னால் நகர்த்தி வைத்தாள். இருசம்மாள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உப்பு கம்மி" என்று சொல்லிச் சாப்பிட்டாள். அந்த வீட்டில் மன்னிப்பு அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை வெயில் வரவில்லை.

மாசி மாதத்தில் மூடாப்பு போடுகிற அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது? ரஞ்சன்குடிக் கோட்டைக்கு மேலே வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது. காற்றில் ஈர வாடை. காட்டில் பருத்தியெல்லாம் வெடித்து வாயைத் திறந்து நின்றது. ஒரு மழை பெய்தால் போதும், பஞ்சு கறுத்துக் குப்பையாகிவிடும். ராசாங்கம் காலையிலிருந்து அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி வந்து உட்கார்ந்திருந்தார். ஊரே வெயிலுக்கு ஏங்கியது. பைகளை நனைத்துக் கயிற்றில் போட்டதில் அவை காயக்கூட இல்லை, மஞ்சள் போவதாவது. புதன்கிழமையும் அப்படியே போயிற்று.

"ஒன் வாசல்ல வெயிலே உழாதுடி" என்றாள் உண்ணாமலை. "பூவரச மரம் மறைக்குது. நாளைக்கு வெயிலு வந்தாலும் இந்தக் கவுத்துல எத்தனைய போடுவ? பரத்திப் போடணும்."

"பரத்திப் போட எடம்?"

கலையரசி, உண்ணாமலை, இருசம்மாள் மூன்று பேரும் ஒரே இடத்தைத்தான் நினைத்தார்கள். ராசாங்கத்தின் சிமெண்டுக் களம். ஆனால் அதில் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. இருசம்மாள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் காட்டில் வேலை செய்கிறாள். செய்த வேலைக்குக் கூலி வாங்கியிருக்கிறாளே தவிர, இது வேண்டும் அது வேண்டும் என்று அந்த வீட்டு வாசலில் நின்றதில்லை. அதில் அவளுக்கு ஒரு வீம்பு உண்டு.

அவளே கிளம்பினாள். கலையரசியும் பின்னாலேயே போனாள்.

"ஏங்க, களத்துல ஒரு ஓரம் வேணுங்க. நாளைக்கு ஒரு நாளைக்கு" என்றாள் இருசம்மாள்.

"களமா? சோளம் கெடக்குதே. எதுக்கு?"

"எம் மருமவ தைச்ச பையி. மஞ்சக் கறை. வெயில்ல போட்டு எடுக்கணுங்க. நான் வச்ச மஞ்ச, நாந்தான் எடுத்தாவணும்."

ராசாங்கம் விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, மஞ்ச வச்சதுக்கா கடைய மூடுவான்? இவனுவளுக்கெல்லாம் வூட்ல பொம்பளையே கெடையாதா?" பிறகு வானத்தைப் பார்த்தார். "சோளத்த ஒரு பக்கம் ஒதுக்கி எடுத்துக்க. ஆனா வெயிலுக்கு நான் பொறுப்பில்ல. அது எனக்கே வர மாட்டேங்குது."

"வருங்க" என்றாள் இருசம்மாள். "வராம எங்க போவும்?"

வியாழக்கிழமை விடியலில் சோளத்தைப் பலகையால் தள்ளி ஒதுக்கினார்கள். பருத்திக்கு வந்த பெண்கள் பனி காயட்டும் என்று வரப்பில் உட்கார்ந்திருந்தவர்கள், கூப்பிடாமலே எழுந்து வந்தார்கள். ஒருத்தி தண்ணீர் இறைத்தாள், ஒருத்தி முக்கினாள், ஒருத்தி பிழிந்தாள். பட்டை ஓரம் மேலே தெரிய ஒவ்வொன்றாகப் பரத்தினார்கள். காற்றுக்குப் பறக்காமல் மூலைக்கு ஒரு சோளக்கதிர். களம் முழுக்க வெள்ளைப் பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் பொட்டு.

"எத்தன பொண்ணுக்குடி மஞ்ச வச்சிருக்க, இருசம்மா? ஊருக்கே சடங்கு சுத்தியிருக்க போல" என்றாள் ஒருத்தி.

"போங்கடி" என்றாள் இருசம்மாள். வெட்கத்தோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மேகம் அசையவில்லை. பெண்கள் காட்டுக்குப் போய்விட்டார்கள். கலையரசி களத்தின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். நாளை வண்டி. இன்று மஞ்சள் போகாவிட்டால் இனி எப்போதும் போகாது. மனசு தானாகத் திருப்பூர் லைன் வீட்டைப் பார்க்கப் போய்விட்டது. தகரக் கூரை, பொதுக் குழாய், ராத்திரி போனில் நந்தினி, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பது. அவள் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள்.

முதலில் முதுகுதான் சொன்னது. சுள்ளென்று ஒரு சூடு. நிமிர்ந்தாள். கோட்டைப் பக்கம் மேகம் கிழிந்திருந்தது. கிழிசல் பெரிதாயிற்று, பெரிதாகிக்கொண்டே வந்தது. காட்டிலிருந்து பெண்கள் ஓ என்று கத்தினார்கள். ராசாங்கம் வீட்டுக்குள்ளிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே ஓடி வந்தார். பெரம்பலூர் வெயிலைத் திட்டாத வாய் கிடையாது. அன்றைக்கு அத்தனை வாயும் அதை வாழ்த்தின.

பத்து மணிக்கு அடித்த வெயில் பன்னிரண்டுக்குள் பாதி மஞ்சளைத் தின்றுவிட்டது. காய்ந்ததைத் தெளித்துத் தெளித்து நனைத்தார்கள். கலையரசி வெறுங்காலோடு களத்தில் தத்தித் தத்தித் திரிந்தாள். கால் பொரிந்தது. அவளுக்குத் தெரியவில்லை. இருசம்மாள் மத்தியானக் கூழோடு வந்தவள், மருமகள் கையில் சொம்பைத் திணித்தாள். சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு களத்தோரம் நின்றபடியே குடித்தார்கள்.

"அத்த, அன்னிக்கு ஏதோ பேசிட்டேன்."

"எதோ பேசுன. நானும் எதோ வச்சேன். குடி, ஆறிடும்."

"கூழு எங்கத்த ஆறுறது?"

"அப்ப சூடாயிடும். வெயில்ல நிக்கிறல்ல."

கலையரசி சிரித்தாள். சிரிப்பில் புரையேறியது. இருசம்மாள் அவள் தலையில் தட்டினாள்.

பொழுது சாய்வதற்குள் களம் வெளுத்துவிட்டது. வீட்டில் டியூப் லைட்டுக்குக் கீழே கலையரசி மறுபடி செக்கிங்காரி ஆனாள். அம்புக்குறி ஸ்டிக்கர் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விரித்தாள், திருப்பினாள், இழுத்துப் பார்த்தாள். உண்ணாமலை இஸ்திரி போட்டாள். இருசம்மாள் மடித்தாள். மடிக்கும்போது ஒவ்வொரு தரமும் வலதுகை விரல் பழக்கத்தில் ஓரத்தைத் தொடப் போகும், சட்டென்று பின்வாங்கும். கலையரசி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

ஒரே ஒரு பை தேறவில்லை. களத்தில் காற்றுக்கு ஓரம் மடங்கிப்போய், மஞ்சள் வெயிலைப் பார்க்கவே இல்லை. பளிச்சென்று அப்படியே இருந்தது. கலையரசி அதில் சிவப்பு அம்புக்குறியை ஒட்டித் தனியே வைத்தாள்.

வெள்ளிக்கிழமை செல்லதுரை வண்டியில் பெட்டிகள் ஏறின. இந்தத் தடவை அவன் கேலி பேசவில்லை. "நல்லபடியா போயிட்டு வா சாமி" என்று பெட்டியைத் தட்டிவிட்டு, "வராத, வராத, அங்கயே இரு" என்று திருத்திக்கொண்டான்.

அதன் பிறகு பிடித்தது கடைசிக் காத்திருப்பு. ஜெயசுதா கூப்பிடும்போதெல்லாம் கலையரசி மிஷினை விட்டு ஓடி வந்து போனை எடுப்பாள். அவளோ, "அக்கா, உங்க ஆதார்ல போன் நம்பரு மாத்தணும்" என்பாள். "இனிமே ஆதாருன்னு கூப்புட்ட, செருப்பு பிஞ்சிடும்" என்று கலையரசி கத்தினாள். நந்தினி பள்ளிக்கூடம் விட்டு வந்து, "ஏம்மா இப்படி முழிச்சுக்கிட்டுக் கெடக்குற? சோறு போடு" என்று அதட்டினாள். கலையரசி அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "உடும்மா, வேர்க்குது" என்று அவள் திமிறினாள்.

செய்தி வந்தது அடுத்த வாரம், காலை வேளையில், இருசம்மாள் காட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது. ஜெயசுதா போனில் பேசவில்லை, கூவினாள்.

"தெறந்துட்டாங்கக்கா! கடைய தெறந்துட்டாங்க! ஒரு பீஸ்ல ஒரு குத்தம் இல்லையாம்! அந்த சாரே சொன்னாரு, இவ்வளவு சுத்தமான சரக்கு வந்ததே இல்லன்னு. எப்படி பண்ணீங்கன்னு கேட்டாரு. நான் சொல்லல, தொழில் ரகசியம்னுட்டேன்!"

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. கலையரசி போனை வைத்துவிட்டு நிலைப்படியில் அப்படியே உட்கார்ந்தாள். உடம்பில் இத்தனை நாள் எங்கெங்கோ இறுக்கிக் கட்டியிருந்த கயிறெல்லாம் ஒரே இழுப்பில் அவிழ்ந்து பொத்தென்று விழுந்த மாதிரி இருந்தது. போகவேண்டாம். எங்கேயும் போகவேண்டாம். அவள் வாய்விட்டு அழுதாள். அடுத்த நிமிஷம் அழுகையோடே சிரித்தாள்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு. அவ போட்ட கூச்சல் கோட்டைக்கே கேட்டிருக்கும்" என்றாள் இருசம்மாள். முந்தானையால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். "சரி, நான் போயிட்டு வரேன். பனி காஞ்சிருக்கும்."

சட்டையை மாட்டிக்கொண்டு, யூரியா சாக்கை உதறி, இடுப்பில் சுற்றக் கயிற்றை எடுத்தாள். சட்டை விலகிய இடத்தில் அந்தக் கறுத்த காய்ப்பு தெரிந்தது.

கலையரசியின் சிரிப்பு நின்றுவிட்டது. இந்த இடுப்பைப் பார்த்துத்தானே முதல் பையைத் தைத்தாள்? இந்த உடம்பில் கட்டிக் கட்டித்தானே அளவெடுத்தாள்? பெங்களூர்க்காரி கட்டிக்கொண்டு வெண்டைக்காய் பறிக்கிறாள், சென்னைக்காரி போட்டோ எடுக்கிறாள். ஆனால் இவளுக்கு இன்றைக்கும் யூரியா சாக்கு. இத்தனை நாள் கண் எங்கே போயிற்று? குறை கண்டுபிடிக்கவே பழகிய கண்!

"அத்த, நில்லுங்க."

உள்ளே போய், தேறாமல் ஒதுக்கி வைத்த அந்த ஒரு பையை எடுத்து வந்தாள். ஒட்டியிருந்த அம்புக்குறியைப் பிய்த்து எறிந்தாள். மாமியார் கையிலிருந்த சாக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, தோளில் பட்டையை ஏற்றினாள்.

"என்னாடி பண்ற? விக்கிற சாமானு!"

"இது விக்கிறதுக்கு இல்ல. கைய தூக்குங்க."

"பருத்திக்கு இது சின்னதுடி."

"பெருசா ஒன்னு தைச்சுத் தரேன். இன்னிக்கு இதக் கட்டிக்கிட்டுப் போங்க."

முதுகில் குறுக்கே பட்டையை இழுத்துக் கட்டினாள். இருசம்மாள் ஒரு பொம்மை மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். கட்டி முடித்ததும் குனிந்து பார்த்தாள், சுருக்குக் கயிற்றைத் தொட்டாள், பிறகு திடீரென்று பதறினாள்.

"ஐயய்யோ, இருடி! புதுசாச்சே, மஞ்ச வைக்காம கட்டிட்டியே! அந்தக் கிண்ணத்த எடு!"

கலையரசி அவள் கையைப் பிடித்து, இடுப்புப் பட்டையின் வலது ஓரத்துக்குக் கொண்டுபோய் வைத்தாள்.

"அதான் நீங்க அப்பவே வச்சிட்டீங்களே, அத்த."